தலைக்கொரு விளக்கு

"எல்லாரும் தள்ளிப் போங்க! யாரும் கை வைக்காதீங்க!"

வாட்ச்மேன் போட்ட சத்தத்தில் கேட்டில் நின்ற வரிசை கலைந்து சிதறியது. சோதனைக்காக அவர் மேஜைமேல் கவிழ்த்த துணிப்பையிலிருந்து ஒரு ஹெல்மெட் உருண்டு விழுந்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாகச் சிவப்புக் குமிழ்கள், பின்னிக் கிடக்கும் ஒயர்கள், வால் மாதிரி தொங்கும் ஒரு பிளக்.

"குண்டு இல்லண்ணே. முடி முளைக்கிற மெஷின்" என்றாள் பைக்குச் சொந்தக்காரியான கரண்ட் அக்கா.

அந்தத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் அவள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான். மற்றபடி எல்லோருக்கும் கரண்ட் அக்கா.

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்தார். இரண்டாவது நிமிடம், மேனேஜர் அறைக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது.

குழாய்களுக்கு முலாம் பூசுகிற இடம் அது. தொட்டிகளிலிருந்து கிளம்பும் புகையை வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன், மோட்டார் எரிந்து எட்டு மாதமாக அசையாமல் நின்றது. புது மோட்டார் கேட்டு நாலு தடவை எழுதிக் கொடுத்தாள். நாலு தடவையும் "பாக்கலாம்" என்றுதான் பதில்.

அதற்குள் தொட்டிப் பக்கம் நிற்கும் பெண்களுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டத் தொடங்கிவிட்டது. முறையிடப் போனவர்களை, "ஷாம்பூவை மாத்துங்கம்மா" என்று மேனேஜர் சிரித்தே அனுப்பினார். இருபத்தாறு வயதுக்காரி ஒருத்தி, வேலைக்குப் போடும் துணித்தொப்பியை வீட்டிலும் கழற்றுவதில்லை.

சிவப்பு வெளிச்சத்தில் முடி வளரும் என்று ஒரு விளம்பரம் பார்த்தாள் அக்கா. விலையைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்புறம் விரிசல் விட்டுக் குப்பைக்குப் போன ஒரு ஹெல்மெட், பழைய ஃபோன் சார்ஜர், அறுபது சின்ன சிவப்பு எல்.இ.டி. பல்புகள் என்று சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சமையலறை மேடையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் துளைபோட்டுப் பற்றவைத்தாள்.

மேனேஜர் அறை தொட்டிக் கூடத்துக்கு நேர் மேலே இருந்தது. கீழே அடிக்கிற அதே காட்டமான நெடி அங்கேயும் அடித்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே பெண்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள்.

"கம்பெனி ஹெல்மெட்டை யாரைக் கேட்டு எடுத்தே?"

"குப்பையில கெடந்துச்சு சார்."

"இங்க வேலை பாத்தா மொட்டையாயிடுவாங்கன்னு ஊரெல்லாம் பேசணும், அதானே? அதுக்குத்தானே இந்த வேலை?" மேஜையை ஓங்கித் தட்டினார். "இதை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் மாட்டணும்?"

"இருபது நிமிஷம்."

"சூடேறாதா?"

"ஏறாது சார். அளவாத்தான் கரண்ட் விட்டிருக்கேன்."

"முளைக்குமா?"

"தெரியாது. விளம்பரத்துல முளைக்கும்ங்கிறான். மூணு மாசம் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"தெரியாமலேதான் அடுத்தவ தலையில மாட்டப் போறியா? அறிவிருக்கா உனக்கு?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"மோட்டாரை மாத்தியிருந்தா இந்தக் கருமமே வேணாம் சார்! எனக்கு அது அரை நாள் வேலை. உங்க கையெழுத்து வரல, அதான் பல்பு ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். தொப்பியைக் கழட்டாம திரியுதே, அந்தப் பொண்ணோட கொழந்தை கேக்குதாம், அம்மா உனக்கு என்ன சீக்குன்னு. நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் பேசினாள். வாடகை வீடும் படிக்கிற இரண்டு பிள்ளைகளும் ஞாபகத்துக்கு வந்தும் வாய் நிற்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் உருவி அவர் முன்னால் டமாரென்று வைத்தாள்.

"இந்தாங்க. அனுப்புறதுன்னா இப்பவே அனுப்புங்க."

மேனேஜர் எழுந்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். கண்ணாடிச் சுவரின் திரையை ஒரே இழுப்பாக இழுத்து மூடினார். அடிக்கப் போகிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

திரும்பியவர் நெற்றியோரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அந்தக் கருகரு முடி மொத்தமும், வகிடு கலையாமல், கையோடு வந்தது. அடியில் அங்கங்கே திட்டுத் திட்டாய் நாலு முடி ஒட்டிக்கொண்டிருந்த வெளிறிய தலை.

"ஆறு மாசமா கொட்டுது." அவர் குரல் உள்ளே போயிருந்தது. "வெளிய தெரிஞ்சா மொதலாளி என்னைத் தூக்கிருவாரு. அந்த ஹெல்மெட்டை... மொதல்ல நான் போட்டுப் பாக்கட்டுமாம்மா?"

அக்கா சிரிக்கவில்லை. இரக்கமும் வரவில்லை. ஆறு மாதம்! தன் தலையிலும் அதே புகை ஏறுவது தெரிந்தும், டோப்பாவால் மூடிக்கொண்டு அத்தனை பேரையும் சிரித்துச் சிரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார் இந்த மனுஷன்.

விறுவிறுவென்று போய்த் தாழைத் தள்ளிக் கதவை அகலத் திறந்தாள். டோப்பாவைத் திரும்பத் தலையில் வைத்துக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெளியே முப்பது பெண்கள். முன்னால் நின்ற துணித்தொப்பிக்காரிக்கு அக்காவின் முகம் மட்டும்தான் தெரிந்தது.

"என்னக்கா, வேலை போச்சா?"

அக்கா வாசலிலிருந்து விலகி வழிவிட்டாள்.

"இல்லடி. நம்ம கூட்டத்துல இன்னொருத்தர் சேந்துட்டாரு."