சிமியோன் அளந்த புகை

"தம்பி சிமியோன், என்ரை லொறி எவ்வளவு புகை விடுது எண்டு அளந்து சொல்லு. கீரிமலைத் திருவிழாவுக்கு முதல் தெரியவேணும்," என்றார் கொடிகாமத்து வாழைக்குலை வியாபாரி சீவரத்தினம்.

மெக்கானிக் சிமியோன் புகைக்குழாயின் வாயில் பெரிய பொலித்தீன் பையொன்றைக் கட்டி, எஞ்சினை உறுமவிட்டான். பை ஊதிப் பெருத்துக் கன்னங்கரேலென்று ஆனது. அவனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. டேர்போவைக் கழற்றித் துடைத்து, டீசல் பம்பைத் திருத்தி, புதுப் பையொன்றைக் கட்டி மறுபடி அளந்தான். இந்த முறை பை பளிச்சென்று இருந்தது.

"அண்ணை, இனி மருந்துக்கும் புகை வராது!"

சீவரத்தினம் தலையில் கைவைத்தார்.

"அட அறுவானே, உன்னைத் திருத்தச் சொன்னனானே? எத்தினை குலை பழுக்கவைக்க இந்தப் புகை காணும் எண்டு அறியத்தான் அளக்கச் சொன்னனான்! இந்தா தேங்காய்ப் பொச்சுமட்டை, கொளுத்து. கிடங்குக்குள்ளை கிடக்கிற காய்க்கெல்லாம் இனி நீதான் வாயாலை புகை ஊதவேணும்!"