கதகதப்பான வீடு

வீடு கதகதப்பாக இருந்தது. வாங்குவதற்காகப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டதைக் கண்டதும் மெர்வுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

விடியற்காலையிலிருந்து மூன்று ஃபேன் ஹீட்டர்களை ஓடவிட்டு, ஜனங்கள் வரும் நேரத்துக்கு அவற்றைக் காரின் டிக்கியில் போட்டுப் பூட்டியிருந்தார். தோட்டத்தில் இருந்தபடி தரைக்கடிக் குழாய்கள் வழியாக வீட்டைச் சூடாக்கியும் குளிர்வித்தும் வந்த பழைய இயந்திரம், குளிர்காலம் தொடங்கிய ஜூன் மாதமே செத்துவிட்டது. மொத்தமும் பிய்த்து மாற்ற இருபதாயிரம் டாலர் என்று மெக்கானிக் சொன்னபோது, அவர் மனைவி லோர்னா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பல்லாரட் ஊர்க் குளிரில் ஹீட்டர் ஓடாத வீட்டை எவன் வாங்குவான்? இன்றைய ஏலத்தில் ஆறரை லட்சம் வந்தால்தான் கீலாங் ஊரில் மகள் தெருவிலேயே பார்த்து வைத்திருக்கும் சின்ன யூனிட் வீட்டை வாங்க முடியும். அதற்குக் குறைந்தால் யூனிட் கைநழுவிப் போய்விடும்.

"இது ஏமாத்து வேலை, மெர்வ்," என்று சமையலறையில் லோர்னா பல்லைக் கடித்தாள்.

"யாராவது கேட்டா உண்மையச் சொல்லிடறேன். கேக்காதவங்ககிட்ட நானா போய் எதுக்கு வாயக் குடுக்கணும்?"

"ஏலம் ஆரம்பிக்கறதுக்குள்ள வீடு ஆறிப்போச்சுன்னா?"

"கதவச் சாத்தி வை. யார் வந்தாலும் சிரி."

ஒரே ஒருவன் மட்டும் கோட்டைக் கழற்றவில்லை. பிரெட் ஹாலம் என்று பெயர் சொன்னான். கூட நிறைமாத கர்ப்பிணி மனைவி. வீட்டுக்குள் கால் வைத்த வேகத்தில் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மெர்வுக்குப் பகீரென்றது. அந்த ஆள், செத்துக் கிடந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே குனிந்து நின்றுகொண்டிருந்தான். மெர்வ் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"என்ன பாக்கறீங்க?"

"சும்மாதான்." ஹாலம் வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். "சாக்கடைக் குழாய் இந்தப் பக்கமா போகுதா, அந்தப் பக்கமா?"

"வேலி ஓரமா."

"நல்லதாப் போச்சு."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வந்த மெர்வின் காதில் லோர்னா முணுமுணுத்தாள். "ஒரு அலமாரியக்கூடத் திறந்து பாக்கல அந்த ஆளு. வாங்க வந்தவன் மாதிரியே இல்ல."

"வாங்காட்டிப் போறான். அந்த மெஷினப் பத்தி நாலு பேர்கிட்ட உளறாம இருந்தாச் சரி."

வாசல் புல்வெளியில் ஏலம் தொடங்கியது. ஏஜென்ட் டேமியன் தொண்டை கிழியக் கத்தினான். ஆறு லட்சத்தைத் தாண்டியதும் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் கை தூக்கியவன் ஹாலம்தான்.

"ஆறு லட்சத்து அறுபதாயிரம்! ஒரு தரம்... ரெண்டு தரம்... வித்தாச்சு!"

லோர்னா பிடித்த பிடியில் மெர்வின் விரல்கள் நசுங்கின. யூனிட் கிடைத்துவிட்டது. மகள் தெரு, மகள் வீடு, பேரப்பிள்ளைகள்.

கையெழுத்துப் போட எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதற்குள் வீடு நன்றாக ஆறிப்போயிருந்தது. ஹாலமின் மனைவி கோட்டை வயிற்றின்மேல் இழுத்து மூடிக்கொண்டு உள்ளங்கைகளைத் தேய்த்தாள். பிறக்கப்போகும் குழந்தையை இந்தக் குளிரில் கொண்டுவந்து போடப் போகிறார்களே என்று நினைத்த மெர்வ் பத்திரத்தின்மேல் கையை வைத்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார். "கையெழுத்துப் போடாதீங்க. இங்க ஹீட்டர் ஓடாது. ஏசியும் ஓடாது. காலையில நீங்க பாத்த சூடு நான் வெச்ச சூடு."

மேஜைக்கடியில் டேமியன் அவர் காலை மிதித்தான். மெர்வ் பொருட்படுத்தவில்லை.

ஹாலம் மனைவியைப் பார்த்தான். அவள் அவசரமாகத் தலை குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"மாத்த எவ்வளவு ஆகும்?"

"இருபதாயிரம்னு சொன்னாங்க."

"அப்ப அதை விலையில கழிச்சிடலாம். நியாயம்தானே?"

நியாயம்தான். ஆனால் யூனிட் போச்சு. மெர்வ் லோர்னாவைப் பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் தலையாட்டினாள்.

"கழிச்சுக்கோங்க, தம்பி."

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது லோர்னா அவர் கையைக் கோத்துக்கொண்டாள். "யூனிட் போனாப் போகுது. இன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்."

மெர்வுக்கும் மனசு லேசாகத்தான் இருந்தது. ஏலப் பலகையைப் பிடுங்கி டேமியனிடம் கொடுக்கலாம் என்று கேட் பக்கம் நடந்தார். அங்கே ஹாலம் முதுகைக் காட்டி நின்றபடி போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"சாவி கைக்கு வந்த மறுநாளே புல்டோசரக் கொண்டாந்து வீட்ட இடிச்சிடு."