மைக் பிடித்தவள்

"அந்தப் பொண்ணுக்கு என்ன வாய்! அப்பப்பா!"

பல்கலைக்கழக அலுவலக வாசலில், மாணவர் கூட்டத்துக்குப் பின்னால் குடைக்குள் ஒதுங்கி நின்ற அம்மாவிடம் சொன்னார் ஒரு வெல்டர். பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தார்; சட்டையெங்கும் பொறி பட்ட ஓட்டைகள். போராட்டத்தில் உட்கார்ந்திருந்த மகனை இழுத்துப் போக வந்தவர், படியில் மைக் பிடித்து நின்ற பெண்ணின் பேச்சைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என் பொண்ணுதான்," என்றாள் அம்மா. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"அடேங்கப்பா! அவளுக்கும் உதவித்தொகையை நிறுத்திட்டாங்களா?"

"அவ வாங்கினதே இல்லைங்க. கூடப் படிக்கிறவங்களுக்காகக் கத்தறா."

படியில் குரல் உயர்ந்தது.

"சேரும்போது என்ன சொன்னீங்க? படிப்பு முடியற வரைக்கும் உதவித்தொகை உண்டுன்னீங்க. இப்போ ஃபீஸையும் ஏத்திட்டு, எண்பது மார்க் எடுத்தாத்தான் உதவின்னா எப்படி? ராத்திரி பூரா பெட்ரோல் பங்க்ல நின்னுட்டு கிளாசுக்கு வர்றவன் பாஸ் பண்றதே பெரிய விஷயம்! பாதியில நீங்க வாக்கு மாறினா அவன் எங்க போவான்?"

"என் பையனைத்தான் சொல்லுது." வெல்டர் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.

அம்மா அந்தப் பேச்சில் ஓட்டை தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.  உள்ளுக்குள் ஒரு பூரிப்பு.

"வீட்ல கண்டிக்க மாட்டீங்களா?"

"கண்டிச்சுப் பார்த்தேன். நேத்து சாப்பிடும்போது ஒரே சண்டை. 'நான் பேசறதுல எது தப்புன்னு சொல்லும்மா'ன்னு கேட்டா. அதைத் தேடித்தான் இங்க வந்து நிக்கறேன்."

"துணைவேந்தர் வெளிய வரணும்!" மகள் முழங்கினாள். கூட்டமும் சேர்ந்து முழங்கியது.

"எங்க வரப் போறாங்க?" சலித்துக்கொண்டார் வெல்டர். "பெரிய நாற்காலியில இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் காதுல ஏறுமா?"

"உங்க பையனைப் படிப்பை நிறுத்தச் சொல்லாதீங்க," என்றாள் அம்மா. "ஏற்கெனவே சேர்ந்தவங்க யாருக்கும் உதவித்தொகை நிக்காது."

"அதை நீங்க எப்படிங்க சொல்றீங்க?"

அவள் குடையை மடக்கிவிட்டு முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்த்த கூட்டம் சட்டென்று அடங்கி வழி விட்டது. படியேறி வந்தவளை மகள் நேருக்கு நேர் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் பிசகவில்லை.

"வாங்க, துணைவேந்தர் மேடம்," என்று மைக்கை நீட்டினாள்.