சாமி மாடத்துச் செப்புக்காசு

குலசாமிக்கு முடிந்து வைத்திருந்த பழைய செப்புக்காசை விற்பதற்காக, தங்கவேல் வேலூர் வியாபாரியை மலைக்கே அழைத்து வந்திருந்தான். அண்ணனைத் தடுக்கத் தைரியமில்லாமல் பூபாலன் நின்றான்.

வியாபாரி காசைப் புரட்டினார். "இன்னாங்க, புளி போட்டுத் தேச்சிருக்கீங்க? செம்பு தானா கருக்க நூறு வருஷம் ஆவுது. அந்தக் கருப்புக்குத்தான் விலையே. இதை எவனும் வாங்க மாட்டான்."

தங்கவேல் தம்பி மனைவியை முறைத்தான். "உன்னை யாரு தேய்க்கச் சொன்னது?"

"அழுக்கா இருந்துச்சு மாமா," என்று செவ்வந்தி தலைகுனிந்தாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் காசு மாடத்துக்குத் திரும்பியது. பூபாலனுக்கு மூச்சு வந்தது.

"நல்லவேளை, தெரியாம தேச்சுட்ட."

"தெரியாமலா? காசுக்கு இன்னா பண்ணக் கூடாதுன்னு போன வாரமே அந்த வியாபாரிக்கே போன் போட்டுக் கேட்டுக்கினேன்."