அண்டா நிறைய

"கடலையே சமையலறைக்குள்ள கொண்டு வந்துட்டியா?" வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காய்ந்த கடற்பாசி கொஞ்சூண்டுதானே இருக்கிறது என்று பாக்கெட் முழுவதையும் ஊறப்போட்டிருந்தாள் மனைவி. அது உப்பிப் பெருகி அண்டாவைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

"கொரிய சீரியல் பார்த்துப் பார்த்து உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு!"

"சும்மா இருங்க. நல்லெண்ணெயில வதக்கிட்டுத்தான் தண்ணி ஊத்தணுமாம். கடைக்காரம்மா சொன்னாங்க."

"ருசி சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"குடிக்கிறவ சொல்லட்டும்."

சூப்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு அவள் நேராகப் போனது பிரசவ வார்டுக்கு. பிள்ளை பெற்றவளுக்குக் கொரியாவில் இந்தப் பாசி சூப்தான் கொடுப்பார்களாம்.

கல்யாணத்துக்கே வராத மாமியாரைக் கண்டதும் கொரிய மருமகள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நல்லா இல்லையாம்மா?" மாமியார் பதறினாள்.

மருமகள் தான் கற்றிருந்த தமிழில் மெல்லச் சொன்னாள்: "உப்பு கம்மி, அத்தை. நாளைக்கு... சரியாப் போடுங்க."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்டா நிறைய ஊறிக் கிடக்குடி. தினமும் கொண்டு வரேன்."