வானத்தில் இரைச்சல்

குருநகரில் சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்டும் இல்லை. முற்றத்துக் கல்லில் ஸ்ரெல்லா சவர்க்காரத்துக்குப் பதிலாய்ப் பனங்களி போட்டு உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோப்பா, லவீனா சின்னனிலை ஐஸ்கிறீம் கேட்டு ரோட்டிலை உருண்டது ஞாபகமிருக்கே?”

“மறப்பனே? வாங்கிக் குடுக்க, உன்ரை புதுச்சீலை முழுக்கப் பூசிவிட்டாள்,” என்று சிரித்தார் புருசன் கிறகோரி.

“இப்ப எங்கை, என்னெண்டு இருக்கிறாளோ...”

அப்போதுதான் வானத்தில் அந்த இரைச்சல் கேட்டது.

“ஐயோ மாதாவே, பிளேன்! குப்புறப் படுங்கோ!” ஸ்ரெல்லா நிலத்தோடு நிலமாய் ஒட்டிக்கொண்டாள்.

கிறகோரி படுக்கவில்லை. சேட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்து வீசினார்.

“விசரி, எழும்படி! அது அந்தக் காலத்துச் சண்டை. உலகம் முழுக்க அணுகுண்டு விழுந்து இரண்டு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒரு பிளேன் பறக்குது. அங்காலையும் ஆக்கள் உயிரோடை இருக்கினம்!”

ஸ்ரெல்லா மெல்லத் தலையை நிமிர்த்தினாள். மகள் லவீனா கலியாணம் முடித்துப் போனது பிரான்சிலுள்ள பாரிஸ் நகரத்துக்கு.

ஒருகாலம் அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடி ஒளித்தவள், இன்று அதே சத்தத்தின் பின்னால், “லவீனா... லவீனா...” என்று கத்தியபடி கடற்கரைவரை ஓடினாள்.