பிள்ளையாருக்குப் பின்னால்

"சூடாயிடுத்து" என்றார் பட்டாபிராமன், வண்டியை ஓரம் கட்டியபடி. "பத்து நிமிஷம் ஆறட்டும்."

மாதவி பல்லைக் கடித்துக்கொண்டாள். சால்ட் லேக்கிலிருந்து கிளம்பி அரை மணிகூட ஆகவில்லை. பைபாஸில் மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமையும் இதே பெட்ரோல் பங்க், இதே வசனம்.

"இந்தக் கடகடா வண்டியோட மாரடிக்கணும்னு என் தலையெழுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே பின் சீட்டிலிருந்து இறங்கினாள் சாவித்ரி. காலடியில் இருந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கணவரிடம் நீட்டினாள். சனிக்கிழமை காலையில் காபி கலப்பதற்கு முன்பே அவற்றை ரொப்பி வைத்துவிடுவாள். "இந்தாங்கோ, ஊத்துங்கோ. அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் நிழல்ல நிக்கறேன்."

"ஆஷுன் மாஷிமா" என்று பங்க்காரர் தெரிந்தவர் மாதிரி வங்காளத்தில் வரவேற்றுக் கும்பிட்டார். அவள் மெல்ல நடந்து பங்க்கின் பின்பக்கம் போனாள்.

அம்மாவின் தலை மறைந்ததும் மாதவி அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, பெற்றவர்களோடு இருக்கலாமென்று ஜனவரியில்தான் வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து இந்த வண்டிதான் சண்டை.

"எழுபத்திரண்டு வயசு அம்மாவை வாரா வாரம் நடுரோட்டுல நிறுத்தறேள். லேக் மார்க்கெட் போய்ச் சேரறதுக்குள்ள பாலிகஞ்ச் மிட்டாய்க்கடை வாசல்ல இன்னொரு தடவை. உங்களுக்கு அம்மாவைவிட வண்டி ஒசத்தியா?"

"ஓட்டறவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்."

"ஓடினாத்தானே அப்பா. நின்னுண்டேன்னா இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கப் போனார்.

"சிரிக்காதீங்கோ. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டியை வாங்க பவானிபூர்லேர்ந்து ஆள் வரார். கையோட எடுத்துண்டு போயிடுவார். நீங்க சரின்னுதான் சொன்னேள்."

"நீ கேட்டே, நான் 'ம்'னேன். 'ம்'னா சரின்னு அர்த்தமா?"

"இனிமே போன்ல ஒரு தட்டு தட்டினா ஏ.சி. கார் வாசலுக்கு வரும். எங்கேயும் நிக்காம போகும்."

"அதான்" என்றார் அவர், சிரிப்பு போன முகத்துடன். "நிக்காம போகும்."

பானெட் உயர்ந்து அவரை மறைத்துக்கொண்டது. மாதவி முன் சீட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒட்டியிருந்த பிள்ளையார் ஸ்டிக்கர் வெயிலில் ஓரம் கிளம்பி நின்றது. எட்டி, விரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தாள். பிள்ளையார் கையோடு வந்துவிட்டார்.

அவருக்குப் பின்னால், இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டர். முள் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. சிவப்புக் கோட்டின் பக்கமே போகவில்லை.

அவள் இறங்கி முன்னால் போனாள். பட்டாபிராமன் ரேடியேட்டரைத் தொடவே இல்லை. பங்க்கின் ஓரத்தில் ஆளுயரம் வளர்ந்திருந்த மகிழங்கன்றின் தூரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் காலி. இரண்டாவதில் பாதி.

"அப்பா, வண்டி சூடாகவே இல்லை."

திரும்பினார். அவள் விரலில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பார்த்தார்.

"எப்படி ஆகும்? சித்திரை பொறக்கறதுக்கு முன்னாடியே உத்தமன் பட்டறையில விட்டு, கூலன்ட் மாத்தி, ஃபேன் பெல்ட்டு, ஹோஸு எல்லாம் பாத்துடறேன். ரேடியேட்டரும் புதுசு. இது சூடாகி மூணு வருஷமாச்சு."

"பின்னே எதுக்கு இந்த நாடகம்?"

அவர் பங்க்கின் பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாலு வருஷம் முன்னாடி ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் அவளால ரொம்ப நேரம் அடக்க முடியறதில்லை. நிறுத்துங்கோன்னு வாயைத் திறந்து கேக்கவும் மாட்டா. பேசாம வெளியில போறதையே விட்டுட்டா. லேக் மார்க்கெட் நாகலக்ஷ்மி மாமி ஆத்துச் சனிக்கிழமைப் பாட்டுக்கு எட்டு மாசம் போகலை. உன்கிட்ட போன்ல முழங்கால் வலின்னு சொல்லிண்டிருந்தா."

மாதவிக்கு அந்த முழங்கால் வலி ஞாபகம் இருந்தது. தைலம்கூட வாங்கி அனுப்பியிருந்தாள்.

"ஒரு நாள் டாக்டர்கிட்டேர்ந்து திரும்பி வரச்சே வண்டி நிஜமாவே சூடாகி இங்கே நின்னுடுத்து. ஆற நாழியாகும்னேன். அவ பின்பக்கம் பாத்ரூமுக்குப் போய்ட்டு வந்தா. முகமே மாறிப் போச்சு. அடுத்த சனிக்கிழமை பாட்டுக்குப் போய்ட்டு வரலாமான்னு அவளே கேட்டா." பாட்டிலின் மிச்சத் தண்ணீரை மரத்துக்கு விட்டார். "மறு வாரமே ரேடியேட்டரை மாத்திட்டேன். அவகிட்ட சொல்லலை. வாடகைக் கார்க்காரன்கிட்ட என்னத்தைச் சொல்லி நிறுத்தறது, நீயே சொல்லு."

மாதவி வண்டிக்குள் குனிந்து பிள்ளையாரை இருந்த இடத்திலேயே ஒட்டினாள். கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தார். பிறகு பின் சீட்டுக்குப் போனாள்.

சாவித்ரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏன்னா, ஆறிடுத்தா?"

"ஆறிடுத்து, ஏறிக்கோ" என்று அவர் பானெட்டை மூடப் போனார்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மாதவி சொன்னாள்: "சாயங்காலம் அந்த ஆள் வர மாட்டார்மா. இப்படி அடிக்கடி சூடாகற வண்டி வேண்டாம்னுட்டார்."

சாவித்ரி பானெட்டோடு நின்ற கணவரை எட்டிப் பார்த்தாள். பிறகு மகளின் காதோரம் சாய்ந்தாள்.

"ரேடியேட்டர் மாத்தியாச்சுன்னு உத்தமன் நம்மாத்துக்கு போன் பண்ணினப்போ, எடுத்தது நான்தான்டி. அப்பாகிட்ட சொல்லிடாதே. நான் பாட்டில் ரொப்பித் தராம இருந்தா, பாவம், அவர் எதைச் சொல்லி வண்டியை நிறுத்துவார்?"